மானியப் பட்டியல் கிராம சபைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேளாண் மானியங்களும் நிவாரணத் தொகைகளும் நேரடியாக வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுவதால் முறைகேட்டுக்கு இடமில்லை என்று அதிகாரிகள் கூறுவது வழக்கம். பணம் வழியில் கைமாறாது என்ற அளவில் அது சரிதான். ஆனால், கணக்கு வைத்திருப்பவர் விவசாயிதானா என்பதை வங்கி அறியாது. கடலூர் மாவட்டத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2020-இல், கொரோனா ஊரடங்குக் காலத்தில், ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வழங்கும் பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டத்தில் பதிவு விதிகள் தளர்த்தப்பட்டதைப் பயன்படுத்திக்கொண்டு, தகுதியற்ற பல லட்சம் பேர் தமிழ்நாட்டில் பயனாளிகளாகச் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ 110 கோடி ரூபாய் அவ்வாறு சென்றதாக அன்றைய வேளாண் துறைச் செயலரே அறிவித்தார். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் சிபிசிஐடி விசாரணை நடந்தது. ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். இவை அனைத்தும் பணம் போன பிறகு நடந்தவை. யாருக்கு எத்தனை காணி, யார் குத்தகைக்கு உழுகிறார், யார் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார் என்பதெல்லாம் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். பெயர்ப் பட்டியல் அவர்கள் கண்ணில் முன்கூட்டியே பட்டிருந்தால், கணினி ஏற்றுக்கொண்ட போலிப் பெயர்களில் பெரும்பாலானவை முதல் தவணைக்கு முன்பே அடிபட்டிருக்கும்.

இது சலுகையாகக் கேட்கப்படுவதன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆவது பிரிவு, மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகளின் விவரங்களையும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. கிசான் திட்டத்தின் ஊர்வாரிப் பட்டியலை அதன் இணையதளத்தில் பார்க்க முடிகிறது. சொட்டுநீர்ப் பாசன மானியம், பவர் டில்லர் மானியம், பயிர்ச் சேத நிவாரணம் ஆகியவற்றின் பட்டியலை எந்த ஊராட்சி அலுவலகச் சுவரிலும் நான் கண்டதில்லை.

தனியுரிமை பாதிக்கப்படும் என்ற ஆட்சேபம் இப்போது வலுத்து வருகிறது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தகவல்களை வெளியிடுவதிலிருந்து விலக்களிக்கும், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியிருப்பது உண்மை. எனினும், மானியப் பயனாளிகள் பற்றிய 4-ஆவது பிரிவின் வாசகத்தை அது தொடவில்லை. ஐரோப்பாவிலும் இதே வழக்கு எழுந்து, 2010-இல் அங்குள்ள நீதிமன்றம் விவசாயிகள் அனைவரின் பெயரையும் பாகுபாடின்றி வெளியிடும் முறையைச் செல்லாதென்றது. பின்னர் மிகச் சிறிய தொகை பெறுவோரின் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, மற்றவர்களின் பட்டியலை மீண்டும் வெளியிட்டார்கள். நமக்கு அந்த வழி பொருந்தாது என்பது என் கருத்து, ஏனெனில் இங்கே மோசடி நடந்ததே இரண்டாயிரம் ரூபாய்த் தவணைகளில்தான். ஆதார் எண், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை நீக்கிவிட்டு, பெயர், ஊர், திட்டம், தொகை ஆகிய நான்கை மட்டும் வெளியிட்டால் போதும்.

பட்டியலில் யார் இல்லை என்பதும் அப்போது வெளிச்சத்துக்கு வரும். கிசான் நிதி நில உரிமையாளருக்கு மட்டுமே உரியது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் குத்தகைக்குப் பயிரிடுவோருக்கு அதில் இடமில்லை. வெள்ளத்தில் நடவு அழுகிப்போகும்போது, நிவாரணம் சாகுபடி செய்தவருக்குப் போனதா, பட்டாதாரருக்குப் போனதா என்பதையாவது ஊர் அறிய வேண்டாமா?

எனவே, ஒவ்வொரு திட்டத்திலும் தொகை விடுவிக்கப்படுவதற்கு 15 நாட்களுக்கு முன் உத்தேசப் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒட்டி, ஆட்சேபங்களை எழுத்தில் பெற்று, இறுதிப் பட்டியலை அடுத்த கிராம சபையில் வாசிக்க மாவட்ட ஆட்சியர் உத்தரவிட வேண்டும். புதுச்சேரியில் 2006-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடத்தப்படாத நிலையில் (அது தனிக் கதை), பாகூர் போன்ற இடங்களில் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலக அறிவிப்புப் பலகையிலாவது அப்பட்டியலை வைக்க அங்குள்ள வேளாண் துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குறிஞ்சிப்பாடி, கடலூர் மாவட்டம்.