"படிக்காமல் கையெழுத்திடும் பெண்கள்"

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சட்டக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகி, பாகப்பிரிவினை வழக்கில் தன்னை ஏமாற்றி ராஜி (சமரசம்) செய்துவிட்டார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். மூன்று ஆண்டுக்குள் தனி வழக்குப் போட்டு, அந்த ராஜியை வைத்து நீதிமன்றம் பிறப்பித்த தீர்ப்பாணையை ரத்து செய்துகொள்ளலாம் என்று உங்கள் வழக்கறிஞர் ஐயா பதில் எழுதியிருக்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால், தவறான பதில் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். "படித்துப் பார்க்காமல் கையெழுத்திடும் பழக்கத்தை நம் பெண்கள் விட வேண்டும்" என்று கடைசியில் ஒரு உபதேசம் வேறு! அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பிள்ளைகள் தவறவிட்ட ஒற்றெழுத்தைக்கூட விடாமல் சுழித்தே காலம் தள்ளியவள். அப்பாவின் நிலத்துக்கான வழக்கில் ராஜி மெமோ, அதாவது சமரச நிபந்தனைகளை எழுதி கோர்ட்டில் கொடுக்கும் தாள், வந்தபோது அதையும் வரி வரியாகப் படித்தேன். அண்ணனுக்கும் எனக்கும் சரிபாதி என்று இருந்தது. வக்கீல் குமாஸ்தா வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார். மொத்தம் மூன்று தாள். கடைசித் தாளில் மட்டும் கையெழுத்துக் கேட்டார். மற்றதிலும் போடுகிறேனே என்றேன். "வேண்டாம்மா, கோர்ட்ல கடைசித் தாளைத்தான் பார்ப்பாங்க" என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

கோர்ட்டில் பதிவாகியிருப்பதோ வேறு. கல்யாணத்தின்போது நகையும் ரொக்கமும் சீராகப் பெற்றுக்கொண்டு நஞ்சையில் என் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டேனாம். சர்டிஃபைடு காப்பியைப் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. மனுப் போட்டு அசல் கட்டைப் பார்வையிட்டபோதுதான் தெரிந்தது. என் கையெழுத்துள்ள தாளின் மூலையில் பின் அடித்த தடம் இரண்டு இடத்தில் இருக்கிறது. முன்னால் உள்ள இரண்டு தாளிலும் ஒரே தடம்தான். பிரித்திருக்கிறார்கள், தாளை மாற்றியிருக்கிறார்கள், மறுபடி பின் அடித்திருக்கிறார்கள். இதில் நான் எதைப் படிக்காமல் விட்டேன் என்று ஐயா சொல்லட்டும்.

நீதிபதி கூப்பிட்டுக் கேட்டிருப்பாரே என்பீர்கள். வக்காலத்து (வழக்கை நடத்த வக்கீலுக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) இருந்தால் கட்சிக்காரருக்காக வக்கீலே ராஜியில் கையெழுத்திடலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. என் வக்கீலைப் பார்த்து ஏற்பாடு செய்தவரே அண்ணன்தான். அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள்?

பிறகு வேறொரு வக்கீல், உங்கள் ஐயா சொன்ன அதே தனி வழக்கைப் போட்டார். எதிர்த்தரப்பு ஒரே ஒரு மனுவில் அதை நிராகரிக்க வைத்துவிட்டது. காரணம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 23, விதி 3ஏ. ராஜியே சட்டப்படி செல்லாது என்று சொல்லி அந்தத் தீர்ப்பாணையை ரத்து செய்யத் தனி வழக்குப் போட முடியாது என்கிறது அது. 1976 திருத்தத்தில் வந்த விதி. மோசடியால் நடந்த ராஜிக்கும் இதே கதிதான். அதைப் பதிவு செய்த அதே நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். ராஜி உண்மையா இல்லையா என்பதை அந்த நீதிமன்றமே விசாரித்து முடிவு செய்ய வேண்டும். கோவைக் குடும்பம் ஒன்றின் சொத்து வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பவும் சொல்லியிருக்கிறது. கோவை ஒன்றும் உங்கள் அலுவலகத்துக்கு எட்டாத ஊர் இல்லையே.

ஐயா செங்கல்வராய நாயுடு வழக்கை மேற்கோள் காட்டியிருக்கிறார். சொத்துரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரத்தை நீதிமன்றத்திடம் மறைத்துத் தீர்ப்பு வாங்கிய வழக்கு அது. ராஜி வழக்கே அல்ல. மோசடித் தீர்ப்பு செல்லாது என்பது சரிதான். அதைச் சொல்ல எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதானே அந்தப் பெண்ணின் கேள்வி? ராஜி, வழக்குகளைச் சமரசமாக முடித்துவைக்கும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) நடந்ததா என்றுகூட ஐயா கேட்கவில்லை. அங்கே நடந்திருந்தால் அதற்கு மேல்முறையீடும் கிடையாது, தனி வழக்கும் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஒன்றுதான் வழி. 2017-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்ன விஷயம் இது.

தனி வழக்கென்றால் சொத்து மதிப்பையொட்டிக் கோர்ட் கட்டணம். அதே நீதிமன்றத்தில் மனு என்றால் சில்லறைதான். இந்த வித்தியாசம் நகையை அடகு வைத்துக் கட்டியவர்களுக்குத் தெரியும். என் மனு இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. காலக்கெடு கடந்துவிட்டது என்று அங்கேயும் ஆட்சேபணை. தவறான இடத்தில் நல்லெண்ணத்தோடு வழக்கு நடத்திய காலத்தைக் கழித்துத் தர காலவரையறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இருக்கிறது. அதை நம்பித்தான் வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறுகிறேன்.

உங்கள் சட்டப் பகுதி இப்படிச் சறுக்குவது புதிதல்ல. பட்டா இருந்தாலே நிலம் சொந்தம் என்கிற தொனியில் முன்பு ஒரு பதில் வந்தது. அப்போதே கடிதம் எழுதினேன், போடவில்லை. தீபாவளி மலரில் பட்டுப்புடவை விளம்பரத்துக்கு நடுப்பக்கம் முழுசும் கிடைக்கிறது, பெண்களின் சொத்துரிமைக்கு அரைப்பக்கம். அதிலும் பாதி, தலையில் கைவைத்து அழும் பெண்ணின் படம். 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்த மாநிலம் இது. அந்தப் பங்கைப் பறிக்கப் புதுச் சட்டம் யாருக்கும் தேவைப்படவில்லை, மூன்று தாளும் ஒரு பின்னும் போதுமாயிருக்கிறது. அழும் படத்துக்குப் பதிலாக அந்தப் பின்னை வரையச் சொல்லுங்கள் உங்கள் ஓவியரிடம்.

அடுத்த இதழில் விதி 3ஏ பற்றி நான்கு வரித் திருத்தம் போட்டால் போதும். அந்த வாசகி கோர்ட் கட்டணம் கட்டிவிடுவதற்குள் அவருக்குத் தனியாக ஒரு தபாலும் அனுப்பிவிடுங்கள். முகவரி உங்களிடம் இருக்குமே.

இப்படிக்கு,
பல்லாண்டு சந்தாதாரர்,
மன்னார்குடி.
(வழக்கு நிலுவையில் இருப்பதால் பெயர் வேண்டாம்.)