அட்டைக் கணக்கில் மிஞ்சி நிற்கும் பணம்: கடன் அட்டை வழங்கும் வங்கிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடன் அட்டை வழங்கும் வங்கிகளின் வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

ஓர் அட்டையின் நிலுவையை இன்னோர் அட்டைக்கு மாற்றிக்கொண்ட பிறகு, பழைய அட்டைக் கணக்கில் எதிர்பாராமல் மிஞ்சி நின்றுவிடும் பணத்தைப் பற்றியது இந்த மடல். அந்தப் பணத்தை எப்போது, யாருக்கு, எந்த வழியில் திருப்பித் தருவது என்று கேட்டால் உங்கள் சேவை மையங்களில் ஆளுக்கொரு பதில் வருகிறது. மூன்று முறை அழைத்து மூன்று வேறு பதில்களைப் பெற்ற பிறகே இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பழைய அட்டையின் கணக்கு அறிக்கையில் 86,000 நிலுவை இருந்தது. மாற்றிக்கொள்ளும் நிலுவைக்குச் சில மாதங்கள் வட்டி இல்லை என்று அறிவித்திருந்த வேறொரு வங்கியின் அட்டைக்கு, அந்தத் தொகை முழுவதையும் மாற்றித் தருமாறு விண்ணப்பித்தேன். விண்ணப்பித்த நாளுக்கும் பணம் போய்ச் சேர்ந்த நாளுக்கும் நடுவே ஒன்பது நாள் ஆகிவிட்டது. அந்த ஒன்பது நாளில், நான் நிறுத்தி வைக்க மறந்திருந்த ஆட்டோ பே கட்டளை என் சேமிப்புக் கணக்கிலிருந்து 15,000 எடுத்துப் பழைய அட்டைக்குக் கட்டிவிட்டது. வாங்கிப் பிடிக்காமல் திருப்பி அனுப்பியிருந்த பொருள் ஒன்றுக்கான 3,400-உம் அதே வாரத்தில் அந்தக் கணக்கில் வரவாகியிருந்தது. ஆகவே 86,000 வந்து இறங்கியபோது உண்மையில் தேவைப்பட்டது 67,600 மட்டுமே. 18,400 மிகையாக நின்றது. கட்டளையை நிறுத்தாமல் விட்டது என் பிழை, அதில் எனக்கு வழக்கில்லை. பிழை நேர்ந்த பிறகு அதைச் சரிசெய்ய ஒரு நேர்வழி இல்லாமல் போனதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்தக் கணக்கு அறிக்கையைப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் ‘செலுத்த வேண்டிய தொகை 0.00’ என்று இருந்தது. கீழே, வரவு செலவு வரிசைகளுக்கெல்லாம் அடியில், 18,400 என்ற எண்ணும் அதன் அருகே ‘சிஆர்’ (CR, கிரெடிட் என்பதன் சுருக்கம்) என்ற இரண்டு எழுத்தும் இருந்தன. விளக்கம் எதுவும் இல்லை. அறிக்கையை வாங்கிப் பார்த்த என் மனைவி, இன்னும் இவ்வளவு கடன் பாக்கி இருக்கிறதா என்று பதறிப்போனார். கிரெடிட் கார்டில் கிரெடிட் என்றால் கடன்தானே என்று அவர் கேட்டதில் என்ன தவறு இருக்கிறது? கணக்குப் பதிவில் வரவைக் குறிக்கும் சொல்லும் அட்டையின் பெயரில் கடனைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாகவே இருக்கும்போது, ‘இது வங்கி உங்களுக்குத் தர வேண்டிய தொகை’ என்று ஒரு வரி எழுதுவது உங்கள் கடமை அல்லவா?

முதல் அழைப்பில் பேசிய ஊழியர், “அது உங்க பணம்தான் சார், கார்டுல செலவு பண்ணிக்கோங்க, தானா கழிஞ்சிடும்” என்றார். கனிவாகத்தான் சொன்னார். ஆனால் இந்தப் பதிலைப் போல வாடிக்கையாளரைத் தவறான வழியில் இறக்கிவிடுவது வேறில்லை. மிஞ்சி நிற்கும் 18,400, பார்வைக்குத்தான் என் பணம். அதே அளவு கடன் புதிய வங்கியில் என் பெயரில் ஏறியிருக்கிறது. நிலுவை மாற்றத்துக்குப் புதிய வங்கி 3 சதவீதக் கட்டணம் பிடித்ததால், தேவையே இல்லாமல் மாற்றிய இந்தப் பகுதிக்கு மட்டும் 552 கட்டியிருக்கிறேன். இதைப் பழைய அட்டையில் பொருள் வாங்கிக் கழித்தேனானால், கடனைக் குறைக்கத் தொடங்கிய முயற்சி புதிய செலவுக்கு வாங்கிய கடனாக மாறிவிடும். சலுகைக் காலம் முடிந்ததும் அதற்கு முழு வட்டி ஓடத் தொடங்கும். செலவு செய்யாமல் விட்டாலும் நன்மையில்லை. சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்துக்குக் கிடைக்கும் சிறு வட்டிகூட அட்டைக் கணக்கில் தூங்கும் பணத்துக்கு வழக்கமாகக் கிடைப்பதில்லை.

இரண்டாவது அழைப்பில், பணம் எந்த வங்கியிலிருந்து வந்ததோ அந்த வங்கிக்கே திருப்பி அனுப்புவோம், வாடிக்கையாளரின் கணக்குக்குத் தர இயலாது என்றார்கள். இதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை: அட்டைக்கு வேண்டுமென்றே மிகையாகக் கட்டி, பிறகு வேறு வழியில் திரும்பப் பெறுவது கள்ளப்பணத்தை வெளுக்கும் அறியப்பட்ட முறைகளில் ஒன்று, நீங்கள் விசாரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் இங்கே வந்த தொகை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு, நிலுவை மாற்றம் என்ற பெயரோடு, தேதியோடு வந்த தொகை. என் பெயரில் உள்ள கணக்குக்கோ அதே புதிய அட்டைக் கணக்குக்கோ அது போவதில் மறைக்க எதுவுமில்லை. சொல்லப்போனால் புதிய அட்டைக்கே நேராகத் திரும்புவது பலருக்கு நல்லது. அதற்கும் வழி சொல்லவில்லை என்பதே குறை.

மூன்றாவது பதில், அட்டையை மூடினால்தான் மிகைத் தொகை வெளியே வரும் என்பது. அந்த நேரத்தில் மூடியிருந்தால் குழப்பம் இன்னும் கூடியிருக்கும். ஏனென்றால் அடுத்த மாத அறிக்கையில், முந்தைய அறிக்கைத் தேதிக்கும் மாற்றப் பணம் வந்த தேதிக்கும் இடைப்பட்ட நாள்களுக்கான வட்டியாக 640 பதிவாகி, மிகை 17,760 ஆகக் குறைந்தது. நிலுவை மாற்றம் செய்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இந்த எச்ச வட்டியைத்தான். மிகை எதுவும் நில்லாதவர்களுக்கு இதே வட்டி, கணக்கு முடிந்துவிட்டது என்று நம்பிய அட்டையில் புதிய பாக்கியாக வந்து, கட்டத் தவறினால் தாமதக் கட்டணமாகவும் வளர்கிறது. ஆக, மாற்றம் முடிந்த பிறகு வரும் ஒரு முழு அறிக்கையைப் பார்க்காமல் அட்டையை மூடச் சொல்வது எவருக்கும் நல்ல அறிவுரை ஆகாது.

நான் கேட்பது புதுமையான சலுகை எதுவும் அல்ல. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் ட்ரூத் இன் லெண்டிங் (கடன் விவரங்களை வெளிப்படையாகச் சொல்லக் கோரும்) சட்டத்தைச் செயல்படுத்தும் ரெகுலேஷன் இசட் என்ற விதித்தொகுப்பு, 1 டாலருக்கு மேல் மிகை நின்றால் அதைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், எழுத்தில் கேட்ட 7 வேலை நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும், கேட்காமலே 6 மாதத்துக்கு மேல் கிடந்தால் உரியவரிடம் சேர்க்க மனமார முயல வேண்டும் என்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கடன் அட்டை நெறிமுறைகளோ இன்னும் இறுக்கமானவை: அட்டைக் கணக்கில் நிற்கும் வரவைத் தன் வங்கிக் கணக்குக்கு மாற்றுமாறு அட்டைதாரர் கேட்டால் 3 வேலை நாள்களில் மாற்றித் தர வேண்டும். இந்த விதி சட்டப்பிரிவில் இருந்தால் போதாது. தொலைபேசியை எடுக்கும் ஊழியரின் திரையில் இருக்க வேண்டும். என்னிடம் பேசிய மூவரில் ஒருவர்கூடக் காலக்கெடு என்ற சொல்லை உச்சரிக்கவில்லை.

ஆகவே பழைய அட்டையை வழங்கிய வங்கிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: நிலுவை மாற்றத்தால் மிகை ஏற்பட்ட அன்றே குறுஞ்செய்தி அனுப்புங்கள், அதிலேயே, பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வேண்டுமா, புதிய அட்டைக்கு வேண்டுமா என்று கேளுங்கள். எச்ச வட்டிக்கு வேண்டிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு மீதியை உடனே அனுப்பத் தடையேதும் இருக்க முடியாது.

புதிய அட்டையை வழங்கும் வங்கிகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கும் பக்கத்தில், பழைய அட்டையில் ஆட்டோ பே இருக்கிறதா, வர வேண்டிய பணம் ஏதேனும் உண்டா, நீங்கள் எழுதியிருப்பது அறிக்கைத் தொகையா, இன்றைய நிலுவையா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால் என் கணக்கில் இந்த 18,400 நின்றிருக்காது. பணம் அனுப்பத் தாமதமானால், தொகையைத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்புத் தாருங்கள். மிஞ்சிய பகுதி ஒரு மாதத்துக்குள் உங்களிடமே திரும்பி வந்தால், அந்தப் பகுதிக்குப் பிடித்த கட்டணத்தையும் திருப்பித் தருவதே நேர்மை என்று நான் கருதுகிறேன். பழைய வங்கியிடமிருந்து பணம் வரும்வரை புதிய அட்டையின் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டி வர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்; அதைத் தவறவிட்டால் சலுகை வட்டியே பறிபோகும் நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கிறது.

எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, இரண்டு அறிக்கைகளின் நகலையும் இணைத்த பிறகு எனக்குரிய 17,760 வந்து சேர்ந்தது; அன்றே அதைப் புதிய அட்டையில் கட்டினேன். உங்கள் அடுத்த கணக்கு அறிக்கையிலேயே அந்த ‘சிஆர்’ என்ற இரண்டு எழுத்துக்குப் பதிலாக ஒரு முழு வாக்கியத்தை அச்சிடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அட்டைதாரர் ஒருவர்