பால் காணாது என்று சொல்லிவிடுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் குழந்தைகளின் நிறை கூடாமை பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். தாய்ப்பாலைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார்கள், சரி. ஆறு மாதத்துக்குப் பிறகு நடக்கும் கதைக்கு இரண்டே வரி. எங்கள் வீட்டில் பிழை நடந்தது அங்கேதான். பிழைவிட்டது நான்.

பேத்தி பிறக்கும்போது 2.8 கிலோ. ஐந்து மாதத்தில் அது இரட்டித்து, ஆறாம் மாதம் 6.9 ஆனது. மகள் வேலைக்குத் திரும்ப, பிள்ளையின் சாப்பாடு என் கைக்கு வந்தது. பத்தாம் மாதம் பார்த்தால் 7.1. கிளினிக் கொப்பியில் ஏறிக்கொண்டு வந்த நிறைக் கோடு அப்படியே படுத்துவிட்டது. வந்தவர் போனவர் எல்லாரும் "தாய்க்குப் பால் காணாது" என்றார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டு இருப்பாள். நானும் கண்ணூறு என்று செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன், மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மருத்துவமாது, கேட்டது ஒன்றுதான்: "அம்மா, என்ன குடுக்கிறீங்கள்?" புரைக்கேறும் என்ற பயத்தில் சோற்றையும் பருப்பையும் கரைத்து, துணியில் வடித்து வைத்திருந்ததைப் பெருமையாகக் காட்டினேன். ஒரு கரண்டி அள்ளிச் சரித்தார். தண்ணீராய் ஓடியது. "சரிச்சாலும் கரண்டியிலை நிக்கோணும் அம்மா." ஏழு கிலோப் பிள்ளையின் வயிறு கொள்வது சுமார் 200 மில்லிலீற்றர், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. அதைத் தண்ணீரால் நிரப்பினால் சாப்பாடு எங்கே போகும்? பத்து மணிக்குத் தேத்தண்ணியில் நனைத்த விசுக்கோத்து வேறு. தேயிலைச் சாயம் இரும்புச்சத்தைச் சேரவிடாது என்று அன்றுதான் அறிந்தேன்.

அதோடு விடாமல் சலம் (சிறுநீர்) சோதிக்கவும் அனுப்பினார். சலத்தில் கிருமி இருந்தால் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலே தெரியாதாம், நிறை மட்டும் ஏறாதாம். பால் குடிக்கையில் நெற்றி வியர்த்து, மூச்சு இளைத்து, பாதியில் விடுகிற பிள்ளைக்கு இருதயத்தைப் பார்க்க வேண்டும். தைரொயிட் குறைவு, இரத்தச்சோகை, ஓயாத வயிற்றோட்டம் எல்லாமே காரணமாகலாம். 2022இல் பால்மா விலை ஏறியபோது, ரின் நீடிக்கட்டும் என்று ஒரு கரண்டி குறைத்துக் கரைத்த வீடுகளை நானே கண்டிருக்கிறேன். மறுபக்கம், என் இரண்டாவது மகன் ஈர்க்குப் போல இருந்தான், ஆனால் அவனுடைய கோடு தன்பாட்டில் ஏறிக்கொண்டே போனது. அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

பேத்தியின் சலத்தில் ஒன்றும் இல்லை. குழைசோற்றில் தேங்காய்ப்பால், முட்டை மஞ்சட்கரு, இடித்த நெத்தலி, முருங்கையிலை என்று கெட்டியாகக் கொடுக்கத் தொடங்கி இரண்டு மாதத்தில் 7.9.

கிளினிக் நாட்களில் தாய்மாருக்கு மட்டும் வகுப்பு வைக்கிறார்கள். அம்மம்மா, அப்பம்மாமாரையும் கூப்பிடச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுதினால் நல்லது.

ஓர் அம்மம்மா,
சுன்னாகம்.