ஆறு மாதத்துக்கு அப்பீல் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய பெருமைகளைப் பேசும்போது, அதன் படியேற முடியாமல் போனவர்களையும் நினைக்க வேண்டும். அன்று நடப்பில் இருந்த 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, சென்னை நகர மாஜிஸ்திரேட் ஆறு மாதத்துக்கு மேல் சிறையோ 200 ரூபாய்க்கு மேல் அபராதமோ விதித்தால்தான் அங்கே மேல்முறையீடு. சரியாக ஆறு மாதம் என்றால் அப்பீல் கிடையாது. தீர்ப்பில் பிழை உண்டா என்று பார்க்கச் சொல்லும் சீராய்வு மனு போட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கு ஆறு மாதம் என்றால் வீடே பட்டினி அல்லவா!

அன்றைய மாவட்டங்களில் இதைவிடக் கொடுமை. தாசில்தார் இரண்டாம் வகுப்பு மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து தண்டிப்பார்; அப்பீல் போவது மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம். அவர் யார்? தாசில்தாருக்கு மேலதிகாரியான கலெக்டர்தான்.

என் தாத்தாவின் தகரப் பெட்டியில் அப்படி ஒரு அப்பீல் மனுவின் நகல் இருக்கிறது. மடித்த இடமெல்லாம் கிழிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் மங்கிப்போன பெருவிரல் ரேகை. யாருடையது என்று சொல்ல இன்று வீட்டில் ஒருவரும் இல்லை.

இப்படிப்பட்ட காகிதங்கள் பல வீடுகளில் இருக்கும். கரையான் அரிக்கும் முன் அவற்றை வாசகர்களிடம் கேட்டுவாங்கி, உங்கள் ஞாயிறு இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், மயிலாப்பூர், சென்னை