மருத்துவக் கல்லூரி மாறுவதற்கான விதி, சேர்க்கைக்கு முன்பே தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவப் படிப்பில் சேர விரும்பும் மாணவர்களும் பெற்றோர்களும் மதிப்பெண், தரவரிசை, கட்டணம், விடுதி என எல்லாவற்றையும் அலசி ஆராய்கிறார்கள். ஆனால், சேர்ந்த கல்லூரியிலிருந்து இடையில் வேறொரு மருத்துவக் கல்லூரிக்கு மாற முடியுமா என்ற கேள்வியை அவர்களில் மிகச் சிலரே முன்கூட்டிக் கேட்கிறார்கள். உடற்கூறியல் துறையில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன் நான். 'இப்போதைக்குக் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடுவோம், ஓராண்டு கழித்து நல்ல கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம்' என்ற எண்ணத்தோடு வகுப்பில் வந்து அமர்ந்த பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணம் பெரும்பாலான நாடுகளில் நிறைவேறுவதில்லை என்பதை அவர்களிடம் யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை.

பிற பட்டப்படிப்புகளில் தேறிய பாடங்களைக் கணக்கில் காட்டி இன்னொரு பல்கலைக்கழகத்தில் தொடர்வது பல நாடுகளில் வழக்கமாக இருக்கிறது. மருத்துவத்தில் அது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை. ஒரு கல்லூரியின் இடங்கள் வகுப்பறையின் அளவைப் பொறுத்தவை அல்ல. இணைந்த மருத்துவமனையின் படுக்கைகள், நோயாளிகளின் வருகை, ஆசிரியர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்தே அவை நிர்ணயிக்கப்படுகின்றன. எனவே, ஒருவர் படிப்பை விட்டு விலகினால்தான் மற்றொருவருக்கு இடம் உண்டாகும்.

இடம் காலியாக இருந்தாலும் பாடத்திட்டம் குறுக்கே நிற்கும். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றை முதலில் முடித்துவிட்டுப் பிறகு நோயாளிகளிடம் செல்வது பழைய முறை. அமெரிக்காவின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் (இன்றைய கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ்) 1952-இல் இதை மாற்றி, இதயம், நுரையீரல் என உறுப்பு மண்டலங்களின் அடிப்படையில் பாடங்களை ஒருங்கிணைத்தது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் தொடங்கிய மருத்துவப் படிப்பு, நோயாளியின் பிரச்சினையிலிருந்தே கற்றலைத் தொடங்கும் முறையை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. இன்று இம்முறைகளும் இவற்றின் கலவைகளும் அருகருகே நடைமுறையில் உள்ளன. முதலாமாண்டு முடிவில் ஒரு கல்லூரி மாணவர் உடல் முழுவதையும் அறுத்துப் பயின்றிருப்பார், ஆனால் ஒரு நோயைப் பற்றியும் படித்திருக்க மாட்டார். இன்னொரு கல்லூரி மாணவர் இதய நோய்களையும் அவற்றுக்கான மருந்துகளையும் அறிந்திருப்பார், கை கால்களின் நரம்புகளை இன்னும் தொட்டிருக்க மாட்டார். இருவரில் யாரும் குறைந்தவர் அல்லர். ஆனால் ஒருவரை மற்றவரின் இரண்டாமாண்டில் அமர்த்தினால், அவரது அறிவில் விழும் இடைவெளியை நிரப்ப அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அந்த இடைவெளியின் விலையைப் பின்னாளில் ஒரு நோயாளி கொடுக்க நேரிடலாம். ஆகவே, மாறுதலுக்கு இருக்கும் கட்டுப்பாடுகள் அனைத்தும் காரணமற்ற பிடிவாதம் என்று நான் கருதவில்லை.

அமெரிக்க மருத்துவப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் எல்.சி.எம்.இ. என்ற குழு, மாறி வருபவர் தாம் சேரப்போகும் வகுப்பு மாணவர்களுக்கு இணையான தேர்ச்சி உடையவராக இருக்க வேண்டும் என்றும், இறுதியாண்டில் மாறுதலை மிக அரிதான சூழ்நிலைகளில் மட்டுமே ஏற்கலாம் என்றும் வரையறுத்துள்ளது. பிரிட்டனில் பல கல்லூரிகள் வேறு மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவரைச் சேர்ப்பதில்லை என்று தம் சேர்க்கை விதிகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. இந்தியாவில் 1997-ஆம் ஆண்டின் விதிமுறைகள், உரிய காரணமும் காலியிடமும் இருந்தால், அனுமதிக்கப்பட்ட இடங்களில் 5 சதவீதத்துக்கு மிகாமல் மாறுதலுக்கு வழி வைத்திருந்தன. 2023-இல் வந்த விதிமுறைகள், மாணவர் மாற்றம் கோரவே கூடாது என்று அந்த வழியையும் அடைத்தன. வெளிநாட்டில் படிக்கச் செல்லும் இந்திய மாணவர்களுக்கு 2021-ஆம் ஆண்டின் விதி இன்னும் கடுமையானது: குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி என அனைத்தையும் ஒரே கல்லூரியில் முடித்தால்தான் தாய்நாட்டில் மருத்துவராகப் பதிவு செய்ய இயலும்.

இவ்விதியின் கடுமையை 2022-இல் உக்ரைன் போர் வெளிக்காட்டியது. குண்டு வீச்சுக்குத் தப்பி ஊர் திரும்பிய மாணவர்களை இந்தியக் கல்லூரிகளில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று அரசு தெரிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில், இந்தியாவில் மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையம், அவர்கள் வேறு நாடுகளின் பல்கலைக்கழகங்களில் தற்காலிகமாகப் படிப்பைத் தொடரலாம், பட்டத்தை உக்ரைனிலுள்ள மூலப் பல்கலைக்கழகமே வழங்க வேண்டும் என்று இசைவு தந்தது. எந்தத் தவறும் செய்யாத பிள்ளைகள் மாதக்கணக்கில் நிலை தெரியாமல் தவித்த பிறகே இந்த வழி திறந்தது. போர், கல்லூரி அங்கீகாரம் இழப்பது, மாணவரின் கடும் நோய், உடற்குறைபாடு ஆகிய காரணங்களுக்காக, தகுதித் தேர்வு ஒன்றின் அடிப்படையில், குறுகிய ஒரு வாயிலேனும் எல்லா நாடுகளின் விதிகளிலும் நிலையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இடர் வந்த பிறகு கூடி ஆலோசிப்பதைவிட, இடர் வருமுன்னரே விதியை எழுதி வைப்பது மாணவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்சக் கடமை.

இடைத்தரகர்கள் தரும் வாக்குறுதிகள் என்னை இன்னும் வருத்துகின்றன. 'இரண்டு ஆண்டுகள் இங்கே, மீதி அங்கே' என்று சொல்லிச் சேர்க்கும் முகவர்கள், உலக மருத்துவக் கல்லூரிகளின் பட்டியலில் அக்கல்லூரியின் பெயர் இருப்பதையே சான்றாகக் காட்டுகிறார்கள். பட்டியலில் இடம்பெறுவது அங்கீகாரம் ஆகாது என்று அப்பட்டியலை வெளியிடுவோரே அறிவித்திருக்கிறார்கள். மாறிச் செல்லவிருக்கும் கல்லூரி எழுத்தில் தரும் பதிலும், பின்னாளில் தொழில் செய்ய விரும்பும் நாட்டின் மருத்துவ ஆணையம் அப்படிப் பெற்ற பட்டத்தை ஏற்கும் என்ற உறுதியும் கையில் இல்லாமல் யாரும் பணம் கட்ட வேண்டாம். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புதிய இடம் எழுத்தில் உறுதியாகும்வரை இருக்கும் இடத்தை விட்டு விலகாதீர்கள்.

மருத்துவக் கல்லூரிகள் தம் விவரக் கையேட்டில் மாறுதல் ஏற்கப்படுமா, எந்த ஆண்டில், எந்தத் தேர்ச்சியின் பேரில், கடந்த ஆண்டுகளில் எத்தனை பேர் அவ்வாறு சேர்க்கப்பட்டார்கள் என்பவற்றைக் கட்டண விவரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அதைக் கட்டாயமாக்கும் அதிகாரம் அங்கீகாரம் வழங்கும் அமைப்புகளிடம் இருக்கிறது. சேர்க்கைக் காலத்தில் தரவரிசைப் பட்டியல்களுக்கும் கட்-ஆஃப் மதிப்பெண்களுக்கும் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கும் நாளிதழ்கள், விண்ணப்பம் தொடங்கும் வாரத்திலேயே இந்த விதிகளையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியர் ஒருவர்