பழைய மெட்டு என்று திருப்பி அனுப்பியவர்களுக்கு

ஆஸ்கர் அகாடமியின் இசைக் கிளை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாசல்வரை வந்து திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு பேரைப் பற்றி எழுதுகிறேன். ஒருவர் இத்தாலியத் திரை இசையமைப்பாளர் நீனோ ரோட்டா. மற்றவர் ரேடியோஹெட் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட்.

ரோட்டா 1911-இல் மிலானில் பிறந்தவர். பதினோரு வயதில் அவர் எழுதிய இசை மேடையேறிவிட்டது. பிறகு பாரி நகர இசைக் கல்லூரியின் இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்துகொண்டே, இத்தாலிய இயக்குநர் பெலினியின் படங்களுக்கு 1952 முதல் சாகும்வரை இசையமைத்தார். தன் பழைய மெட்டை மறுபடி எடுத்துப் புழங்க அவர் ஒருபோதும் கூச்சப்பட்டதில்லை. ‘தி காட்ஃபாதர்’ படத்தின் காதல் மெட்டு, 1958-இல் வந்த ‘ஃபார்ச்சுனெல்லா’ என்ற நகைச்சுவைப் படத்துக்கு அவரே போட்டதுதான். அங்கே துள்ளி ஓடிய மெட்டு, இங்கே மெதுவாகி நெஞ்சைப் பிசைந்தது. படத்துக்கென்றே எழுதிய புது இசைக்குத்தான் விருது என்பது உங்கள் விதி. விஷயம் தெரிந்ததும் 1973-இல் அவருடைய ஆஸ்கர் பரிந்துரையையே திரும்பப் பெற்றீர்கள்.

சரி, விதி விதிதான். ஆனால் அந்த ஆண்டு விருதை யாருக்குக் கொடுத்தீர்கள்? சாப்ளினின் ‘லைம்லைட்’ இசைக்கு! அது 1952-இல் எடுத்த படம். லாஸ் ஏஞ்சல்ஸ் திரையரங்குக்கு 1972-இல்தான் வந்தது என்பதால் இருபது வருடப் பழைய இசை உங்களுக்குப் புதுசாகிவிட்டது. சாப்ளினுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை, சிரிப்புதான் வருகிறது. அதைவிட வேடிக்கை, இரண்டு வருடம் கழித்து ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்துக்கு ரோட்டாவுக்கும், அவரோடு இசையமைத்த கார்மைன் கொப்போலாவுக்கும் அதே விருதைக் கொடுத்தீர்கள். அதிலும் அதே காதல் மெட்டு ஒலிக்கிறது.

கிரீன்வுட் கதை வேறு. பள்ளியில் வயலின் போன்ற வயோலாவை வாசித்த பையன், அண்ணன் இருந்த குழுவுக்குள் எப்படியோ நுழைந்தவன். ‘க்ரீப்’ பாட்டு ரொம்ப அமைதியாகப் போகிறதே என்று பல்லவிக்கு முன்னால் கிட்டாரை ‘கர்ர்க்’ என்று அவர் அறைந்தது இன்றைக்கும் அந்தப் பாட்டின் அடையாளம். அப்புறம் போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கி மீது பித்துப் பிடித்து, வானொலி இரைச்சலை வயலின்களில் எழுப்பிப் பார்க்கும் ஆசையில் பிபிசி இசைக்குழுவுக்காக ‘பாப்கார்ன் சூப்பர்ஹெட் ரிசீவர்’ என்ற இசைப் படைப்பை எழுதினார். அதன் பகுதிகள் 2007-இல் ‘தேர் வில் பி பிளட்’ படத்துக்குள் வந்தன. வறண்ட மலைகள் திரையில் நிற்க, அடியிலிருந்து குளவிக் கூட்டம் போல வயலின்கள் எழும்பும் அந்தத் தொடக்கத்தை மறக்க முடியுமா? அதற்கும் தகுதி இல்லை என்றீர்கள். ஏற்கெனவே இருந்த இசை அதிகமாம். பிராம்ஸ், ஆர்வோ பார்ட் ஆகியோரின் இசையும் படத்தில் இருந்தது உண்மை. அவற்றைக் கழியுங்கள், நியாயம். அவருடைய சொந்தச் சரக்கை எதற்குக் கழிக்க வேண்டும்?

எங்கள் ஊரில் இதெல்லாம் பழகிய சங்கதி. ‘மௌன ராகம்’ படத்தில் வந்த ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ மெட்டை இளையராஜா அதே 2007-இல் ‘சீனி கம்’ என்ற இந்திப் படத்துக்குக் கொண்டுபோனார். கேட்டவர்கள் “அட, நம்ம பாட்டு!” என்றார்கள். ஏமாற்றிவிட்டார் என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை.

அடுத்தவர் மெட்டைத் திருடுபவரைத் தடுக்க ஒரு வேலி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். 2021-இல் புதிய இசையின் குறைந்தபட்ச அளவை 60 விழுக்காட்டிலிருந்து 35-ஆக இறக்கினீர்கள், அதுவும் நல்லது. ஆனால் கேள்வி அளவைப் பற்றியதல்ல. ஓர் இசையமைப்பாளர் தன் பழைய இசையைக் காட்சிக்காக மாற்றி எழுதும்போது, அந்த உழைப்பையும் அவர் கணக்கில் சேருங்கள். மேடைக்காக எழுதியது, வேறு படத்துக்காக எழுதியது என்று பிரிக்காதீர்கள்.

இன்னொரு சின்ன வேண்டுகோள். ரோட்டாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘ஸ்லூத்’ படத்தைச் சேர்த்தீர்களே, அந்தப் பட்டியலின் கீழே அவர் பெயரையும் ஒரு வரி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
படம் முடிந்தும் பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்காத ஒரு ரசிகன்