நடித்தவர் பெயரையும் சேர்த்துப் பதியுங்கள்

தமிழ் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களின் ஒலி ஆவணப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பழைய டேப்புகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இருக்கிறீர்கள். அந்த வேலையைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. ஒரு நாடகத்தைக் கோப்பாக்கும்போது அதன் தலைப்பு, எழுதியவர், தயாரிப்பாளர், தேதி, நிமிடக் கணக்கு எல்லாவற்றையும் குறித்துக்கொள்வது வழக்கம். அதோடு யார் எந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார் என்பதையும் பாத்திரவாரியாகக் குறித்து வையுங்கள். மேடை நடிகருக்குப் புகைப்படம் மிஞ்சும், சினிமா நடிகருக்குப் படமே இருக்கும். குரல் நடிகரின் வாழ்நாள் உழைப்பு உங்கள் அலமாரியில் உள்ள டேப்பில் மட்டும்தான் இருக்கிறது. பெயர் இல்லாவிட்டால் அது யாருடைய உழைப்பு என்றே தெரியாமல் போகும்.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் ஒலிபரப்பைத் தொடங்கின. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் வந்தது. இந்த மூன்றிலும் மாறி மாறி உழைத்த தலைமுறை ஒன்று உண்டு. மாலையில் சபா மேடை, பகலில் வானொலி நாடக ஒத்திகை, வாரக் கடைசியில் சிறுவர் நிகழ்ச்சி என்று ஓடியவர்கள் அவர்கள். டில்லியில் தமிழ்ச் செய்தி வாசித்து, மேடையிலும் சினிமாவிலும் நடித்த பூர்ணம் விஸ்வநாதனை எல்லோருக்கும் தெரியும். குழந்தைகளுக்கு எழுதியும், வானொலியில் அவர்களோடு பேசியும், மேடையில் நாடகம் போட்டும் வாழ்ந்த கூத்தபிரானையும் பலருக்குத் தெரியும். அவர்களுக்கு எதிர் மைக்கில் நின்று கிளியாகவும் கிழவியாகவும் நரியாகவும் பேசியவர்கள் யார்?

‘வானொலி அண்ணா’ என்ற அழைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் ‘வானொலி மாமா’ என்றார்கள். இவை பதவிப் பெயர் மாதிரி. ஆள் மாறினாலும் அழைப்பு நீடிக்கும். பட்டியலில் ‘வானொலி அண்ணா’ என்று மட்டும் குறித்தால் எந்த ஆண்டு, எந்த அண்ணா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. இயற்பெயரும் தேதியும் கூடவே வேண்டும்.

‘காதால் கேட்டே ஆளைக் கண்டுபிடித்துவிடலாமே’ என்று தோன்றலாம். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. திறமையான குரல் நடிகர் தன் குரலை மறைப்பதில்தான் கெட்டிக்காரர். அரை மணி நாடகத்தில் எட்டுப் பாத்திரங்களை ஐந்து பேர் பேசுவது சாதாரணம். பையன் வேடத்தைப் பெரும்பாலும் பெண்களே பேசினார்கள். தொடர் நாடகத்தின் நடுவில் சிறுவனுக்கு மகரக்கட்டு உடைந்தால் பாத்திரமே கெட்டுவிடும் என்பதுதான் காரணம். இது தெரியாமல் பட்டியல் போடுகிறவர் ‘சிறுவன் – பெயர் தெரியவில்லை’ என்று எழுதுவார். அந்தச் சிறுவனின் அம்மாவாகப் பேசியவரே சிறுவனாகவும் பேசியிருப்பார்.

பேய், எலி, குட்டிச்சாத்தான் குரல்களில் இன்னொரு உத்தி உண்டு. விநாடிக்கு 7½ அங்குல வேகத்தில் பதிந்து 15 அங்குல வேகத்தில் ஓட்டினால் குரல் சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகும், பேச்சு இரண்டு மடங்கு வேகமாகும். அதனால் நடிகர் பாதி வேகத்தில், ஒவ்வொரு மெய்யையும் பிரித்து, மூச்சை நீட்டிப் பேச வேண்டும். ஒரு ‘ப்’ தேய்ந்தாலும் ஓட்டும்போது சொல்லே காணாமல் போகும். கணினிக்கு மாற்றுகிறவர் இப்படிப்பட்ட ஒரு துண்டைக் கேட்டு, வேகம் தப்பிய பதிவு என்று நினைத்துத் ‘திருத்தி’விட்டால் நாடகம் கெடும். ஆனால் ஆளை அடையாளம் காண அதே பாதி வேகம் உதவும். அதைத் தனிக் கோப்பாக எடுத்து, மூலத்தைத் தொடாமல் வையுங்கள்.

குரலை மாற்றிப் பேசினாலும் சில பழக்கங்கள் மாறுவதில்லை. மூச்சை எங்கே இழுக்கிறார், வாக்கியம் முடியும்போது குற்றியலுகரத்தை எவ்வளவு விழுங்குகிறார், ‘ழ’ எங்கே சறுக்குகிறது, ‘ச’வில் காற்று எவ்வளவு, சிரிப்பு உள்ளே இழுப்பா வெளியே விடுவதா என்று கவனித்தால் ஆள் பிடிபடுவார். சிறுவர்களையே நடிக்க வைத்த பழைய நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனி வழியில் வந்தவர்களின் மூச்சு தனி. மைக் இல்லாமல் கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டப் பாடிப் பழகியதால், நீண்ட வசனத்துக்கு முன் ஆழமாக ஒரு இழுப்பு கேட்கும். மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்று, முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிப் பேசும் பழக்கம் வானொலிக்காரர்களுக்கு உண்டு. இருபக்கமும் கேட்கும் ரிப்பன் மைக்கில் எதிரெதிரே நின்று பேசி, பாத்திரம் வெளியேறும்போது மைக்கின் செவிட்டுப் பக்கமாக நகர்ந்து தேய்வது அவர்கள் கைவந்த கலை. ‘போய்ட்டு வரேன்’ என்ற ஒரு வரி எப்படித் தேய்கிறது என்பதை வைத்தே சக நடிகர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

இந்த அடையாளங்கள் எல்லாம் மெல்லிய ஓசைகள். மாற்றும் வேலையில் முதலில் அழிவதும் அவைதான். ஓட்டும் கருவியில் டேப்பைப் படிக்கும் முனையான ஹெட்டின் சாய்வை ஒவ்வொரு டேப்புக்கும் சரிபார்க்காவிட்டால் உச்ச ஓசை மங்கி, ‘ச’ எல்லாம் ஒரே மாதிரி கேட்கும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பின் மீதே ஓட்டினால் மூச்சையும் இரைச்சல் என்று துடைத்துவிடும். மூலக் கோப்பு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், எந்தச் சுத்தமும் செய்யாமல் இருக்கட்டும். குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸாவது வேண்டும். ஒலிபரப்புக்குத் தேவையான சுத்தத்தைப் பிரதியில் செய்துகொள்ளலாம். அகலத்தில் பாதி ஒரு பக்கத்துக்கு, மீதிப் பாதி மறுபக்கத்துக்கு என்று பாதித் தடத்தில் பதிந்த டேப்பை, முழு அகலத்தையும் படிக்கும் முழுத் தட ஹெட்டில் ஓட்டினால், மறுபக்க நிகழ்ச்சி தலைகீழாகக் கூடவே கேட்கும். அதைப் பழுதடைந்த டேப் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

டேப்பின் உடல்நிலை பற்றியும் சொல்ல வேண்டும். டேப் சுற்றிய ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் டேப்பின் அடிப்பட்டை பெரும்பாலும் அசிடேட், இருண்டிருந்தால் பாலியெஸ்டர். அசிடேட்டில் காடி வாடை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது, அதற்கு முன்னுரிமை கொடுங்கள், மற்ற டேப்புகளிலிருந்து பிரித்தும் வையுங்கள். எழுபது, எண்பதுகளின் பின்பூச்சுள்ள டேப்புகள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஹெட்டில் கீச்சிடும். அவற்றை 50 முதல் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் சீராகச் சூடாக்கி, ஆறவிட்டு ஓட்டலாம். அசிடேட்டை ஒருபோதும் சூடாக்கக் கூடாது. டேப்பை வெட்டி ஒட்டிய பழைய ஸ்பிளைஸ்களில் பசை வற்றியிருக்கும். அவசரமாக ரீவைண்ட் செய்தால் துண்டு துண்டாகப் பிரியும், அதனால் மெதுவான வேகத்திலேயே சுற்றுங்கள். கடற்கரை ஊர்களில் பகலில் குளிரூட்டி, இரவில் நிறுத்துவது டேப்புக்கு மிகவும் கெடுதல். ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

இதெல்லாம் ஒலிப்பதிவாளர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் அவர்களுக்கும் தப்பிப்போகும் ஒன்று உண்டு. நாடகம் முடிந்ததும் அறிவிப்பாளர் ‘பங்கேற்றவர்கள்’ என்று பெயர்களை வாசிப்பார். மறுஒலிபரப்பில் நேரத்துக்குள் அடக்க முதலில் வெட்டப்படுவது அந்தப் பகுதிதான். வெட்டாத பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். வசனம் தொடங்கும் இடத்திலிருந்து பதியாமல், டேப்பின் தொடக்கத்தில் ஒட்டிய வெற்றுப் பட்டையான லீடரிலிருந்து கடைசி அங்குலம்வரை பதியுங்கள். தொடங்குமுன் ‘டேக் ரெண்டு’ என்பதோடு, ஸ்டுடியோவுக்குள் தயாரிப்பாளர் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு ‘மைக்குக்குக் கிட்ட வாங்க’ என்று சொன்னதும் பதிவாகியிருக்கும். ஒரு பாத்திரத்துக்கு வேறெங்கும் கிடைக்காத சான்று அந்த மூன்று விநாடியில் இருக்கலாம். டேப் பெட்டியின் நான்கு பக்கத்தையும் உள் அட்டையையும் படம் எடுங்கள். ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில் பென்சிலால் பாத்திரத்துக்கு நேரே எழுதிய பெயர்களும், நடிகர்களின் ஒப்பந்தக் கடிதங்களும் பழைய காகிதக் கட்டில் இருந்தால் கழிவுக்குப் போடுமுன் தேடிப் பாருங்கள்.

சிறுவர் தொலைக்காட்சியில் சிக்கல் இன்னும் கூடுதல். கைப்பொம்மை ஆட்டுகிறவர் மேடைக்குக் கீழே குந்தி, கையைத் தலைக்கு மேல் தூக்கியிருப்பார். அந்த நிலையில் விலா விரியாது, குரல் மெலியும். ஆகவே வசனத்தைத் தனியே பதிந்து, அதை ஓடவிட்டு ஆட்டுவது எளிது. நெடிலில் வாய் திறந்து, ‘ம்’, ‘ப்’ வரும்போது மூட வேண்டும் என்பது ஆட்டுகிறவரின் கணக்கு. இப்படிச் செய்த நிகழ்ச்சியில் பொம்மைக்குக் கை ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். ஒளிநாடா விலை கூடியது என்பதால் அழித்து மறுபடி பயன்படுத்துவது பல நாடுகளில் நடந்தது. படம் போனாலும் வசனத்தின் ஒலிநாடா எங்காவது கிடைக்கலாம். அதை வெறும் ‘பின்னணி ஒலி’ என்று தள்ளிவிடாதீர்கள்.

பி.பி.சி.யில் பீட்டர் ஹாக்கின்ஸ் என்ற நடிகர் 1952இல் பூந்தொட்டிப் பொம்மைகளுக்கு ஒரு குழறல் மொழியையே உருவாக்கிப் பேசினார். 1963 முதல் ‘டாக்டர் ஹூ’ தொடரில் தாலெக் இயந்திரங்களுக்கும் குரல் கொடுத்தார். மின்கருவியில் சிதைத்த அந்தக் குரலைக் கேட்டு யாராலும் ஆளைச் சொல்ல முடியாது. அவர் பெயரும், தாலெக்குகளுக்குக் கூடவே குரல் கொடுத்த டேவிட் கிரஹாம் பெயரும் எழுத்தில் பதிவானதால்தான் இன்று தெரிகிறது. அந்தத் தொடரின் பழைய பகுதிகள் பல படமாக அழிந்தன. ஒலி மட்டும் எல்லாப் பகுதிக்கும் கிடைத்திருக்கிறது, காரணம் நேயர்கள் வீட்டில் டேப்பில் பிடித்து வைத்தது. நம் ஊரிலும் வீட்டுக் கேசட்டுகள் இருக்கும், நேயர்களிடம் கேளுங்கள்.

எழுத்துச் சான்று கிடைக்காதவற்றுக்கு மூத்த கலைஞர்களை அழையுங்கள். ஒரு அமர்வு நாற்பது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், காது களைத்துவிடும். முதுமையில் உச்ச ஓசை கேட்பது குறைவதால் ஒற்றை வரியைப் போடாமல், இருவர் பேசும் காட்சியாக அரை நிமிடம் போடுங்கள். எதிரில் பேசியது யார் என்ற நினைவு பெயரை இழுத்து வரும். இயல்பான குரலில் பேசும் இடத்தை முதலில் போட்டு, மாற்றிய குரலைப் பின்னால் போடுங்கள். இருவரைத் தனித்தனியே கேளுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் முதலில் சொன்னவர் பெயரே இருவருக்கும் சரியாகப் படும். பதிலை ‘உறுதி’, ‘அநேகமாக’, ‘தெரியவில்லை’ என்று பிரித்து, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதுங்கள்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தால் சேர்ந்த 38பி பிரிவு, நிகழ்த்துனர் தன் நிகழ்த்துதலுக்குத் தன்னை அடையாளப்படுத்தக் கோரும் உரிமையைத் தருகிறது. கோப்பாக்கிய குரலை வைத்துச் செயற்கைக் குரல் உருவாக்க யாருக்கும் கொடுக்கும் முன் கலைஞரிடமோ குடும்பத்தாரிடமோ எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்பதையும் விதியாக்குங்கள்.

எந்த டேப்பில் தொடங்குவது என்றால், காடி வாடை அடிப்பவை போக, உடன் நடித்தவர்கள் இன்று நம்மோடு இருக்கும் நாடகங்களில் தொடங்குங்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நடித்த அவர்களில் பலர் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். அலுவலகத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கு ஒரு மடிக்கணினியும் நல்ல ஒலிபெருக்கியும் எடுத்துப்போக எங்களில் ஆட்கள் தயார். எந்தத் தலைப்புகள் கைவசம் இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வானொலி, மேடை நாடகக் கலைஞர்களும் ஒலிப்பதிவாளர்களும்